சீப்பான பேக்கேஜ், சிவப்புக் கொடி: புக்கெட் கடற்கரைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கெலமங்கலத்துக்குக் கடல் எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரம்தான். கிழக்கே சென்னை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். மேற்கே மங்களூரு அதைவிடத் தூரம். தக்காளியும் முட்டைகோஸும் ரோஜாவும் விளையும் மேட்டு நிலம் இது. இங்கே பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில், இல்லையென்றால் ஏரியில். கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவில் கால் நனைத்த ஞாபகம், அவ்வளவுதான்.

ஆனால் விமான நிலையம் பக்கம். ஓசூர் போய், அத்திப்பள்ளியைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி இறங்கி, சில்க் போர்டு நெரிசலில் கொஞ்ச நேரம் பெருமூச்சு விட்டு, தேவனஹள்ளி போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சில்க் போர்டில் மழை பெய்தால் விமானப் பயணத்தைவிட விமான நிலையப் பயணம் நீளும்!

2024-ல் மட்டும் இருபது லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் தாய்லாந்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். விசா தொல்லை இல்லை, தூரம் குறைவு, செலவும் ஐரோப்பா அளவுக்கு இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து முதன்முதலாக வெளிநாடு போகிறவர்களுக்கும் இது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த முதல் பயணத்தில், விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வராத ஒரு விஷயத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புவது நல்லது. அதுதான் கடலின் பருவம்.

எப்போது போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி

நம் ஊரில் நீண்ட விடுமுறை எப்போது கிடைக்கும்? பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அப்புறம் ஆகஸ்ட் 15 ஒட்டிய நாள்கள், காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை. புக்கெட் பேக்கேஜ் விலை குறையும் காலமும் கிட்டத்தட்ட இதுவேதான். மே முதல் அக்டோபர் வரை அங்கே சீசன் இல்லை. ஹோட்டல் அறை பாதி விலைக்குக் கிடைக்கும். 'ஐந்து நாள், நான்கு இரவு' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தில் விலை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஏன் விலை குறைகிறது? தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் ஜூன் மாதம் கொட்டித் தீர்க்கிற அதே காற்றுதான் வங்காள விரிகுடாவையும் அந்தமான் கடலையும் தாண்டிப் போய் புக்கெட்டின் மேற்குக் கரையில் மோதுகிறது. தீவின் புகழ்பெற்ற கடற்கரைகளான பட்டோங், காரோன், கட்டா, கமலா, சுரின், நய் ஹார்ன் எல்லாமே மேற்குக் கரையில்தான் இருக்கின்றன. எனவே மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரைகளில் அலை பெரிதாக இருக்கும். மழை நாள் முழுக்கப் பெய்யாது. காலையில் வெயில்கூட அடிக்கும். வானம் நீலமாக இருப்பதால் கடலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை நிலைமை வேறு. காற்று திசை மாறிவிடும். அதே பட்டோங் கரை குளம்போல அமைதியாகும். தீபாவளி கழிந்த பிறகோ, அரையாண்டு விடுமுறையிலோ, பொங்கலை ஒட்டியோ போகிறவர்களுக்குக் கிடைப்பது இந்தக் கடல். விலை கூடும், ஆனால் பிள்ளைகள் தைரியமாகத் தண்ணீரில் விளையாடலாம்.

கோடை விடுமுறை முடிவதற்குள் போயே ஆக வேண்டும், அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தாய்லாந்துக்கு இரண்டு பக்கமும் கடல். மேற்கில் அந்தமான் கடல், கிழக்கில் தாய்லாந்து வளைகுடா. வளைகுடாப் பக்கம் உள்ள கோ சமுய் தீவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுவதில்லை. அங்கே சாவெங், லமாய் கடற்கரைகள் அந்த மாதங்களில் ஓரளவு அமைதியாக இருக்கும். சமுய்க்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது சென்னைக்கு மழை வரும் அதே வடகிழக்குப் பருவத்தில். ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய வழி: கேரளத்தில் மழையென்றால் புக்கெட் வேண்டாம், சென்னையில் மழையென்றால் சமுய் வேண்டாம்.

கிணற்று நீச்சல் கடலில் உதவுமா?

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும், எங்க கிணத்துல மேலேருந்து குதிப்பேன்" என்று சொல்லும் தம்பிகள் எல்லா ஊரிலும் உண்டு. கிணறும் கெலவரப்பள்ளி அணையும் வேறு, கடல் வேறு. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

அலைகள் தொடர்ந்து கரையில் மோதும்போது தண்ணீர் கரையோரம் குவிகிறது. அது திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளமான வழி கிடைக்கிறதோ, அந்தக் குறுகலான வழியில் எல்லாத் தண்ணீரும் வேகமாக உள்நோக்கி ஓடும். இதைத்தான் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். இதில் மாட்டிக்கொண்டவர் கண்மூடித் திறப்பதற்குள் கரையிலிருந்து பல மீட்டர் தள்ளிப் போய்விடுவார். அதன் உச்ச வேகத்தை எதிர்த்து ஒலிம்பிக் வீரரால்கூட நீந்த முடியாது.

இதில் இன்னொரு சிக்கல், அது பார்ப்பதற்கு ஆபத்தாகத் தெரியாது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடையும். நடுவில் ஓர் இடம் மட்டும் அலை இல்லாமல், சற்றுக் கருமையாக, அமைதியாக இருக்கும். குழந்தையோடு வந்தவர், "இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று சரியாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார். அந்த அமைதியான இடம்தான் தண்ணீர் உள்ளே ஓடும் பாதை.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. மூழ்குகிறவர்களில் பலரும் இழுப்பினால் மூழ்குவதில்லை. எதிர்த்து நீந்திக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். இரண்டு, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுக்காது, வெளியேதான் தள்ளிக்கொண்டு போகும். மூன்று, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். நீரோட்டத்தின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதைத் தாண்டிவிட்டால் அலையே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி மூழ்குகிறான் என்று அண்ணன் குதிப்பது, பிள்ளையைத் தேடி அப்பா குதிப்பது, இப்படித்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. நம் ஏரிகளிலும் இதே கதைதான் நடக்கிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். மிதக்கும் பொருள் எது கிடைத்தாலும் தூக்கி எறியுங்கள். மூடிய காலி வாட்டர் கேன்கூடப் போதும்.

கொடியைப் பார்க்காமல் காலை நனைக்காதீர்கள்

புக்கெட்டின் முக்கியக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடும் கொடிகள்தான் அங்கே சட்டம். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் நிறத்தில் இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே குளிக்கலாம். அந்தப் பகுதியைத்தான் அவர்கள் கண்காணிக்கிறார்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது. 'முட்டி வரைக்கும்தானே' என்ற சமாதானமும் கூடாது. பருவமழைக் காலத்தில் முட்டியளவு தண்ணீரில் நிற்பவரையும் ஓர் அலை சாய்த்துவிடும்; திரும்பும் தண்ணீர் இழுத்துக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்துவிட்டு, நான்கு நாளும் சிவப்புக் கொடி பறந்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். பேக்கேஜ் போடும்போதே அதற்கு வழி செய்துகொள்ளலாம். நீச்சல்குளம் உள்ள ஹோட்டலாகக் கேட்டு வாங்குங்கள். கடல் கோபமாக இருக்கும் நாளில் பிள்ளைகளுக்கு அந்தக் குளம் போதும். பழைய புக்கெட் டவுனில், தகரச் சுரங்கத்தில் பணம் பார்த்த சீன வணிகர்கள் கட்டிய பழைய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சாயங்காலம் நடந்து பார்க்க அருமையான இடம்.

தீவுப் பயணப் படகுகளுக்கும் இதே கணக்குதான். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயல் அலையில் 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து, 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். அது நடந்ததும் பருவமழைக் காலத்தில்தான். "இன்னைக்குக் கடல் சரியில்லை, டிரிப் கேன்சல்" என்று படகுக்காரர் சொன்னால், கோபப்படாமல் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். படகு கிளம்பினால் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல், கொக்கிகளைப் பூட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

இழுத்து மூடிப் பிழைத்த ஒரு கடற்கரை

புக்கெட் போகிற பெரும்பாலானவர்கள் ஒரு நாள் ஃபீ ஃபீ தீவுகளுக்குப் படகேறுகிறார்கள். அங்கே ஃபீ ஃபீ லே என்ற ஆளில்லாத தீவில் இருப்பதுதான் 'மாயா பே'. மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை மதில், நடுவே பாலாடை போன்ற மணல். லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000-ல் வந்த 'தி பீச்' படத்தை இங்கேதான் எடுத்தார்கள். அதன் பிறகு கூட்டம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர்வரை அந்தச் சின்னக் கரையில் இறங்கினார்கள். படகுகளின் நங்கூரம் பட்டுப் பவளப்பாறைகள் நொறுங்கின.

2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு மாயா பேயை மூடியது. நான்கு மாதம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மூன்றரை ஆண்டு மூடியே வைத்தார்கள். பவளக் கன்றுகளை வளர்த்து நட்டார்கள். மனிதர்கள் வராத அந்தக் காலத்தில், கருமுனைச் சுறாக்குட்டிகள் கரையோரம் திரும்பி வந்தன. 2022 ஜனவரி 1 அன்று திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. படகு முன்பக்கம் வரக் கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி, மரப்பாதையில் நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. நீந்தத் தடை, காலை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடிவிடுகிறார்கள்.

ஆகவே, சுதந்திர தின விடுமுறைக்கு 'மாயா பே உண்டு' என்று யாராவது பேக்கேஜ் விற்றால், படகிலிருந்து தூரப் பார்வைதான் என்று அர்த்தம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்றும் கேளுங்கள். வெளிநாட்டவரில் பெரியவருக்கு 400 பாட், குழந்தைக்கு 200 பாட் என்று வாங்கப்பட்டு வருகிறது. ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் இடையில் ஏறி இறங்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு இது மூவாயிரம் ரூபாய்க்கு மேல்.

பையில் வைக்கும் சன்ஸ்கிரீனையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் கலந்த கிரீம்களுக்குத் தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை இருக்கிறது. பவளத்தை அவை கெடுக்கின்றன. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். பட்டோங் உள்ளிட்ட கடற்கரைகளில் சிகரெட் பிடிப்பதற்கும் 2017 கடைசியில் தடை வந்துவிட்டது. சங்கு, பவளத் துண்டு எதையும் ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள். மீனுக்கு ரொட்டி போடுவதும் கூடாது.

பாடப் புத்தகம் காப்பாற்றிய நூறு உயிர்கள்

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கன்னியாகுமரியையும் உலுக்கிய அதே சுனாமி, அதே காலையில், பட்டோங்கையும் ஃபீ ஃபீயையும் வடக்கே காவோ லாக் கடற்கரையையும் அடித்துப் போட்டது. தாய்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

புக்கெட் விமான நிலையத்துக்கு அருகே மாய் காவ் என்ற கடற்கரை. அங்கே விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்து விநோதமாக ஏறுவதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் பள்ளியில் புவியியல் ஆசிரியர் சுனாமி பற்றிப் பாடம் எடுத்திருந்தார். "இது சுனாமிதான்" என்று அவள் கத்திப் பிடிவாதம் பிடித்ததில், பெற்றோரும் ஹோட்டல் ஊழியர்களும் கரையைக் காலி செய்தார்கள். ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தார்கள்.

இன்று அந்தக் கடற்கரைகளில் சுனாமியின்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் பலகைகள் இருக்கின்றன. ஹோட்டலில் செக்-இன் ஆனதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. நிலம் பலமாக நடுங்கினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

அங்கே ஒரு தமிழ்க் குளம்

காவோ லாக் இருப்பது தகுவா பா என்ற பழைய துறைமுகப் பகுதியில். அங்கே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, 'அவனிநாரணம்' என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. வெட்டிய குளம் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் காவலில் இருந்ததாக அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரைக்குப் போன நம் ஆட்கள், எந்தக் காற்றில் போக வேண்டும், எந்தக் காற்றில் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பாய் விரித்தார்கள். காற்று எதிராக இருந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விமானத்தில் போகிறவர்கள் மறந்துவிடுகிற கணக்கு அதுதான்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

விசா: 2024 ஜூலை முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 60 நாள் வரை விசா இல்லாத அனுமதி அறிவிக்கப்பட்டது. இந்த விதி மாறக்கூடியது. டிக்கெட் போடும் நாளில் தாய்லாந்து தூதரகத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் வருகை அட்டை: 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசின் தளம் இல்லை.

வாடகை பைக்: இருசக்கர வாகனம் தயாரிக்கும் ஓசூர்க்காரருக்கு பைக் ஓட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஓட்ட, நம் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் விபத்தானால் பயண இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம். ஹெல்மெட் கட்டாயம். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

ஜெட் ஸ்கி: ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிலும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு.

சாப்பாடு: சைவம் என்றாலும் தாய் சமையலில் மீன் சாஸ் கலந்துவிடும். 'ஜே' என்று கேளுங்கள். முழுச் சைவத்துக்கு அங்கே அதுதான் சொல். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது அந்தச் சாப்பாட்டுக் கடை. நம் நவராத்திரியை ஒட்டிய நாள்களில் புக்கெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழாவே நடக்கிறது.

நடத்தை: கடற்கரையில் யார் எந்த உடையில் இருந்தாலும் உற்றுப் பார்ப்பதும், கேட்காமல் போட்டோ எடுப்பதும் அநாகரிகம். நண்பர்கள் கூட்டமாகப் போகும் இளைஞர்கள் இதைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரவு கூத்துக்குப் பேர்போன பங்களா சாலை பட்டோங்கில்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு தங்குகிறவர்களுக்கு கட்டாவோ கமலாவோ வசதி.

மது: குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள். எந்த மாதமாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

அவசர எண்கள்: சுற்றுலாப் போலீஸ் 1155. ஆம்புலன்ஸ் 1669. இரண்டையும் குடும்பத்தில் எல்லார் செல்போனிலும் பதிந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அடுத்த பேக்கேஜ் விளம்பரம் வரும்போது விலைக்குக் கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள். மே முதல் அக்டோபருக்குள் என்றால், புக்கெட்டுக்குப் பதில் சமுய் கேளுங்கள், அல்லது ஒரு சீட்டு கூடுதலாகக் கட்டிவிட்டு ஜனவரிக்குத் தள்ளிப் போடுங்கள். இரண்டும் முடியாது, புக்கெட்தான் என்றால், சிவப்புக் கொடி பறக்கும்போது தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும். அமைதியான மாதத்தில் இன்னொரு முறை போய்க்கொள்ளலாம்.